ஐம்பதில் வளையுமா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நாம் எல்லோரும் அறிந்த பழமொழி. பிள்ளைகளை இளமையிலேயே நல்வழியில் பழக்க வேண்டும் என்பதற்காகப் பெரியோர் சொல்லிவைத்தது அது. ஆனால் இக்காலத்தில் அதனை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். ஐம்பது வயதான ஒருவர் வேலை தேடிப் போனால், "இவர் இனிமேல் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறார்?" என்று அவரைத் திருப்பியனுப்புவதற்கு அதுவே நியாயமாகிவிடுகிறது. வேலை கொடுப்பவர் அப்படி நினைத்தாலும் போகட்டும். வீட்டிலுள்ளோரும், சில வேளைகளில் வேலை தேடுகிறவருமே, அதை நம்பிவிடுகிறார்கள். அதுதான் வருந்தத்தக்கது.

சென்ற திங்கள் இப்பகுதியில் வாடகைப் பத்திரம் எழுதும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லியிருந்தோம். இத்திங்கள், வயது சென்றவர்களுக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் எவற்றைப் பொறுத்திருக்கின்றன என்பதைப் பார்ப்போம். ஆர்.கே.புரத்திலும் அதனைச் சுற்றியும் வாழும் நம்மவர் குடும்பங்களில் இக்கேள்வி எழாத வீடு குறைவு. சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு அறுபது வயதில் பென்ஷனும், கூடவே குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய கவலையும் வருகின்றன. தனியார் கம்பெனிகளில் இருப்பவர்களுக்கோ அந்தக் கவலை நாற்பத்தைந்திலேயே வந்துவிடக்கூடும். கம்பெனி மூடப்பட்டாலும், ஆட்களைக் குறைத்தாலும், முதலில் எழுந்து போகச் சொல்லப்படுகிறவர் பெரும்பாலும் தலை நரைத்தவர்தாம். அவருடைய பிள்ளை அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருப்பான்; பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

முதலில் ஓர் எண்ணைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உழைப்பதற்கு வயதாகிவிட்டது என்று சொல்லும் அந்த எல்லை எங்கிருந்து வந்தது? மத்திய சர்க்காரில் ஓய்வு பெறும் வயது முன்பு 55-ஆக இருந்தது. 1962-ஆம் ஆண்டு டிசம்பரில் அது 58 ஆயிற்று. 1998-ஆம் ஆண்டு மே மாதத்தில் 60 ஆயிற்று. தமிழ்நாட்டு அரசு தன் ஊழியர்களுக்கு 58-ஐ 2020-இல் 59 ஆக்கி, மறு ஆண்டே 60 ஆக்கியது. 1962 நவம்பரில் 55 வயது நிறைந்தவர் உழைக்கத் தகாதவராய் வீட்டுக்குப் போனார். ஒரு மாதம் பின்னால் பிறந்தவர் தகுதியுடையவராய் மேலும் மூன்று ஆண்டுகள் நாற்காலியில் இருந்தார். இருவருடைய உடம்பிலும் அறிவிலும் என்ன வேற்றுமை இருந்திருக்க முடியும்? எல்லை வகுப்பது நிர்வாகத்துக்குத் தேவைதான். ஆனால் அது கோப்பில் கையெழுத்திட்டு வகுத்த எல்லையே தவிர, இயற்கை வகுத்தது அன்று.

இனிப் பழமொழிக்கு வருவோம். ஐம்பதில் வளையுமா, வளையாதா என்பதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் வேலை பார்க்கும் ரயில்வேயிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

நம் நாட்டில் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் நீராவி எஞ்சின் செய்வது 1972-இல் நின்றது. அகலப் பாதையில் நீராவி எஞ்சின் வழக்கமாக ஓடியது 1995-உடன் முடிவுற்றது. அந்த இருபது ஆண்டுகளில், கரி அள்ளிப் போட்டுக் கொதிகலனின் ஓசையைக் கேட்டே அதன் நிலையை அறிந்த டிரைவர்களும் ஃபயர்மேன்களும் என்ன ஆனார்கள்? வீட்டுக்கு அனுப்பப்பட்டார்களா? இல்லை. பயிற்சிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். டீசல் எஞ்சினையும் மின்சார எஞ்சினையும் கற்றார்கள். அவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். சிலர் பள்ளிப் படிப்பே அதிகம் இல்லாதவர்கள். அவர்களுடைய பழைய அறிவில் ஒரு பகுதி பயனற்றுப் போனது உண்மை. கரி வாரும் திறமைக்கு டீசல் எஞ்சினில் என்ன வேலை? ஆனால் இன்னொரு பகுதி அப்படியே நின்றது. எந்த இடத்தில் ஏற்றம், எந்த வளைவுக்கு அப்பால் சிக்னல், எங்கே வேகத்தைக் குறைக்கத் தொடங்கினால் வண்டி எங்கே வந்து நிற்கும் என்ற வழியறிவு எஞ்சினோடு மாறுவதில்லை. ஒரு பாதையைப் பழகாத டிரைவரை ரயில்வே இன்றும் அந்தப் பாதையில் தனியே விடுவதில்லை.

இன்னோர் உதாரணம் டில்லியிலேயே உண்டு. முன்னாளில் ரிஸர்வேஷன் என்றால் பெரிய பெரிய பதிவேடுகள். எந்த வண்டிக்கு எந்த ஜன்னலோ அந்த ஜன்னலில்தான் நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் மூலம் இடம் பதியும் முறை 1985-இல் புது டில்லியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ரயில்வேயின் கம்ப்யூட்டர் வேலைகளுக்கென்றே தனி அமைப்பு ஒன்றும் ஏற்பட்டது. பதிவேட்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாக்களே பயிற்சி பெற்று அந்தப் புதிய யந்திரத்தின் முன் உட்கார்ந்தார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கு இருந்த அச்சத்தை, எனக்கு மூத்த ஊழியர்கள் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறேன். விசையைத் தவறாக அழுத்தினால் யந்திரம் கெட்டுவிடுமோ என்று பயந்தார்களாம்! ஆனால் எந்தப் பயணிக்கு என்ன சலுகை, எந்த ஒதுக்கீட்டில் இடம் இருக்கும், ரத்து செய்தால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பவை எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். புதிதாய் வந்த இளைஞர் விசைகளை விரைவில் கற்றார். விதிகளை அவர்களிடம் கேட்டார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த டிரைவர்களும் குமாஸ்தாக்களும் மற்றவர்களைவிட மேதாவிகள் அல்லர். அவர்களுக்குக் கற்பதற்கு அவகாசம் கிடைத்தது. கற்கும் நாட்களில் சம்பளம் நிற்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. கற்று முடித்தால் உட்கார நாற்காலி காத்திருந்தது. இந்த நான்கும் இருந்தபடியால் ஐம்பதும் வளைந்தது. இந்த நான்கும் இல்லாதவருக்கு முப்பதும் வளையாது. ஒருவர் வேலைக்குத் தக்கவரா என்பது அவருடைய வயதில் மட்டும் இல்லை. அவருக்கும் வேலைக்கும் இடையே உள்ள ஏற்பாட்டில் இருக்கிறது. இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான்.

வயதினால் உடம்பிலும் மூளையிலும் மாறுதலே இல்லை என்று சொல்வது பொய்யாகும். நாற்பதுக்கு மேல் கிட்டத்துப் பார்வை மங்குகிறது. கையின் வேகம் குறைகிறது. புதிய பெயர் மனத்தில் நிற்கச் சற்று நேரமாகிறது. ஆனால் இவை வேலையின் பலனைக் குறைக்கின்றனவா என்பது வேறு கேள்வி. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டு டில்லிக்கு ரயிலேறிய நம்மவர் பலர் இருக்கிறார்களே, அவர்களுக்கு உகந்த ஓர் ஆராய்ச்சி உண்டு. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் டிமோதி சால்ட்ஹவுஸ் என்பவர், இருபது வயதினர் முதல் எழுபது வயதினர் வரையிலான தட்டெழுத்தாளர்களைச் சோதித்து 1984-இல் முடிவை வெளியிட்டார். விளக்கு எரிந்தவுடன் விசையை அழுத்துவது போன்ற சோதனையில் முதியவர்கள் மெதுவாகவே செய்தார்கள். ஆனால் பக்கத்தைப் பார்த்துத் தட்டெழுதும்போது அவர்களுடைய வேகம் இளைஞர்களின் வேகத்துக்குக் குறையவில்லை. காரணம் என்ன? விரல் ஓர் எழுத்தைத் தட்டும்போதே கண் இன்னும் சில எழுத்துகள் முன்னே ஓடிப் படித்துக்கொண்டிருந்தது. இளைஞரின் கண்ணைவிட முதியவரின் கண் அதிக தூரம் முன்னே சென்றது. விரலின் குறையை முன்னறிவு ஈடு செய்தது. அனுபவம் என்று நாம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

வேலை நடக்கும் இடத்தைச் சிறிது திருத்தினாலும் போதும் என்பதற்கு ஜெர்மனி தேசத்திலிருந்து ஒரு செய்தி. டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் உள்ள பி.எம்.டபிள்யூ. மோட்டார்த் தொழிற்சாலையில், 2007-இல், ஒரு பிரிவில் வேண்டுமென்றே வயது சென்றவர்களைச் சேர்த்துச் சராசரி வயது 47 ஆகுமாறு அமைத்தார்கள். பிறகு அத்தொழிலாளிகளையே யோசனை கேட்டு, சுமார் 70 சிறு மாற்றங்கள் செய்தார்கள். தரைக்கு மரப்பலகை, நிற்பவர்க்கு அவ்வப்போது உட்கார நாற்காலி, நுணுக்கமான பாகங்களைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி, கம்ப்யூட்டர் திரையில் பெரிய எழுத்து என்பவை போன்ற எளிய காரியங்கள்தாம் அவை. ஓராண்டில் அப்பிரிவின் உற்பத்தித் திறன் 7 சதவிகிதம் கூடிற்று. செலவோ ஒரு புதிய யந்திரத்தின் விலைக்கு அருகில்கூட வராது.

அப்படியிருந்தும் வயது சென்றவர்களுக்கு வேலை கிடைப்பது ஏன் அரிதாக இருக்கிறது? என் அறிவுக்கு எட்டிய காரணங்களை வரிசைப்படுத்துகிறேன்.

முதலாவது, பார்க்காமலே தீர்ப்புக் கூறுவது. அமெரிக்காவில் நியூமார்க் என்னும் பொருளாதார அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்து 2019-இல் வெளியிட்டார்கள். வயதில் மட்டும் வேறுபட்ட கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து, 40,000-க்கு மேற்பட்டவற்றைப் பல கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். முதியவர்களின் விண்ணப்பங்களுக்குப் பதில் குறைவாக வந்தது. அதிலும் பெண்களுக்கு, முக்கியமாக அலுவலக வேலைகளுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு, மிகக் குறைவாக வந்தது. பிள்ளைகள் வளரும்வரை வீட்டில் இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் மறுபடி வேலைக்குப் போக விரும்பும் நம் சகோதரிகள் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

இரண்டாவது, சட்டத்தின் மௌனம். நம் அரசியல் சாசனத்தின் 16-ஆம் விதி, சர்க்கார் உத்தியோகத்தில் சமயம், இனம், சாதி, பால், மரபு, பிறந்த இடம், வசிக்கும் இடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வயது இல்லை. அமெரிக்காவில் 1967-இலேயே நாற்பதுக்கு மேற்பட்டவர்களை வயதைக் காட்டி ஒதுக்குவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஜப்பானில் விரும்புகிறவர்களுக்கு 65 வயது வரை வேலைக்கு வழி செய்ய வேண்டும் என்று 2013-இலும், 70 வரை முயல வேண்டும் என்று 2021-இலும் சட்டத்தை விரித்தார்கள். நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2022 ஜூலையில் ஓய்வு வயதை 63 ஆக்கி, 68 வரை தகுதியுள்ளவர்க்கு மறுவேலை தர முன்வர வேண்டும் என்று விதித்தார்கள். இங்கே விளம்பரத்தில் "35 வயதுக்கு மேற்படாதவர்" என்று ஒரு கம்பெனி அச்சிட்டால் கேட்பாரில்லை.

மூன்றாவது, கற்ற கலை காலாவதியாவது. கோத்ரெஜ் கம்பெனியார் 1955-இல் இந்தியாவில் தட்டெழுத்து யந்திரம் செய்யத் தொடங்கினார்கள், 2009-இல் நிறுத்திவிட்டார்கள். அந்த யந்திரத்தை மட்டும் நம்பியிருந்தவர் என்ன செய்வார்? இளைஞரைப் பயிற்சிக்கு அனுப்பும் கம்பெனி, "இவர் இன்னும் எத்தனை நாள் இருக்கப் போகிறார்?" என்று முதியவரை அனுப்புவதில்லை. அனுப்பாததனால் அவர் பின்தங்குகிறார். பின்தங்கியதனால் அவரை நீக்குகிறார்கள். பிறகு பழி வயதின்மேல் விழுகிறது.

நான்காவது, டில்லிவாழ் தமிழர்க்கு உரிய ஒரு குறை: ஹிந்தி. இங்கிலீஷில் கடிதம் எழுதியே இருபத்தைந்து ஆண்டுகளை ஆபீசில் கழித்துவிடலாம். காய்கறிக் கடையில் பேசும் ஹிந்தியும் நமக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஐம்பதுக்குப் பின் வேலை கிடைக்கக்கூடிய சிறு கம்பெனி, ஆஸ்பத்திரி, கடை, டிரஸ்ட் முதலிய இடங்களில், ஹிந்தியில் படிக்கவும் நான்கு வரி எழுதவும் வேண்டியிருக்கிறது. பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாமல் வாய்ப்பை இழந்தவர்களை நான் அறிவேன்.

ஐந்தாவது, தூரம். சென்ற 2025-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, ஜங்புராவை அடுத்த பாராபுல்லா வடிகாலின் ஓரம் இருந்த மதராஸி கேம்ப் குடியிருப்பு, நீதிமன்ற உத்தரவின்படி இடிக்கப்பட்டது. அங்கிருந்த 370 வீடுகளில் பெரும்பாலானவை நம் தமிழ் ஏழைகளுடையவை. 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அவ்வீடுகளும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் நரேலாவில் இருந்தன. அக்கேம்பின் பெண்களில் பலர் அண்டையிலுள்ள வீடுகளில் வேலை செய்து பிழைத்தவர்கள். காலை ஆறரை மணிக்குப் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டிய ஐம்பத்தைந்து வயது அம்மாள், நரேலாவிலிருந்து எத்தனை பஸ் மாறி வருவாள்? நேற்று வரை வேலைக்கு முற்றிலும் தக்கவளாயிருந்தவள், வீடு மாறியதால் தகாதவளாகிவிட்டாள். அவளுடைய வயது ஒரு நாளில் கூடிவிடவில்லை. எந்தப் பரீட்சையிலும் அவள் தோற்கவில்லை. கம்ப்யூட்டரும் ஹிந்தியும் பேசிக்கொண்டிருக்கும் நாம், இவர்களை மறந்துவிட்டுக் கணக்குப் பார்த்தல் ஆகாது.

ஆறாவது, பழக்கம் குறுகுதல். இருபது ஆண்டுகள் ஒரே நாற்காலியில் இருந்தவருக்கு அந்த ஆபீசைத் தவிர வெளியே எவரையும் தெரிவதில்லை. வேலைகளில் எத்தனையோ விளம்பரத்துக்கு வராமலே, ஒருவர் சொல்லி ஒருவர் அறிந்து நிரம்பிவிடுகின்றன.

ஆர்.கே.புரத்தில் எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், ஐம்பத்தொரு வயதினர், ஒரு சிறு கம்பெனியில் கணக்கராக இருந்தார். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஏழு மாதம் அலைந்தார். நான்கு இடங்களில் பிறந்த தேதியைக் கேட்டதோடு பேச்சு முடிந்தது. கடைசியில் மலை மந்திரில் பிரசாத வரிசையில் பழக்கமான ஒருவர் மூலம், மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் அவருக்கு வேலை கிடைத்தது. முந்தைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே அவர் வயதை யாரும் கேட்கவில்லை. ஜி.எஸ்.டி. கணக்கைத் தாமே தாக்கல் செய்யத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படி? அவரே சொன்னார்: "2017 ஜூலை முதல் தேதி அந்த வரி வந்தபோது, நாற்பது வருஷம் கணக்கெழுதினவனும் புதிசு, நேற்று பாஸ் செய்த பையனும் புதிசு. எல்லோரும் ஒரே கோட்டில் நின்றோம். அன்றைக்கே கற்றுக்கொண்டுவிட்டேன், ஸார்." புதியது ஒன்று வரும் நாள் வயது சென்றவனுக்குப் பகை நாள் அன்று, அன்று தொடங்கினால் அவன் யாருக்கும் பின்னால் இல்லை. பத்து ஆண்டு கழித்துத் தொடங்கினால்தான் பின்தங்குகிறான்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "கிழவர்கள் எழுந்திருந்தால்தானே இளைஞர்களுக்கு இடம்?" என்பார்கள். ரயில்வே வாரியம் 2024 அக்டோபரில், காலியிடங்களை நிரப்ப, ஓய்வு பெற்றவர்களை 65 வயது வரை தற்காலிகமாக அமர்த்திக்கொள்ளலாம் என்று அனுமதித்தபோது, வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள் மனம் வருந்தியதில் தவறில்லை. எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட சர்க்கார் இடங்களைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. நிரந்தர இடத்தில் இளைஞரை நியமிப்பதைத் தள்ளிப்போட முதியவர் ஒரு சாக்காக ஆகக் கூடாது. ஆனால் நாடு முழுவதிலும் உள்ள வேலை, இத்தனை பேருக்குத்தான் என்று அளந்து வைத்த பொங்கல் அன்று. ஒருவர் சம்பாதித்துச் செலவிடுவதால் இன்னொருவருக்கு வேலை உண்டாகிறது. வீட்டளவில் பார்த்தாலோ இன்னும் தெளிவு. தகப்பனாருக்கு ஐம்பதில் வேலை போனால், மகன் படிப்பை நிறுத்திவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போகிறான். தகப்பன் வேலையில் இருந்தால்தான் மகன் தன் படிப்புக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்க முடியும்.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். இவை நாற்காலியில் இருக்கும்போதே, நாற்பதுகளில் செய்ய வேண்டியவை.

பள்ளிச் சான்றிதழ், ஆதார், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். தகப்பனார் பெயரின் முதலெழுத்தை நாம் முன்னால் போடுவதும், இங்குள்ளோர் அதை விரித்துப் பின்னால் எழுதுவதும் பெருந்தொல்லையைத் தருகின்றன. கம்பெனி மூடிய பிறகு திருத்தக் கையெழுத்திட ஆள் அகப்படமாட்டார்.

தனியார் ஊழியர்கள் வைப்பு நிதியோடு சேர்ந்த பென்ஷன் திட்டத்தின் விதியைக் கவனத்தில் வைக்க வேண்டும். பத்து ஆண்டுச் சேவை இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. அதன் குறைந்த அளவாக 2014-இல் விதிக்கப்பட்டது மாதம் ஆயிரம் ரூபாய். அதைக் கொண்டு டில்லியில் ஒரு வாரம் தள்ள முடியுமா? ஆகவே, ஒன்பதாவது ஆண்டில் வேலையை விட்டுப் பணத்தையும் எடுத்துவிடாதீர்கள். அதே சமயம், அந்தப் பென்ஷனை மட்டும் நம்பியும் இராதீர்கள்.

ஆண்டுக்கு ஒன்றாவது புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஓராண்டு ஹிந்தி எழுத்து. ஓராண்டு கம்ப்யூட்டரில் கணக்கு. கண் மங்கினால் உடனே மூக்குக்கண்ணாடி வாங்குங்கள். கண்ணாடி போடாமல் தவறு செய்பவரைத்தான் மூளை மழுங்கிவிட்டது என்பார்கள். ரயில்வேயில் டிரைவர்களுக்கு வயது ஏற ஏறக் கண் பரிசோதனையை அடிக்கடி நடத்துகிறார்கள். தேறாதவர்க்கு வேறு வேலை தருகிறார்கள். சர்க்கார் பணியில் இருக்கையில் உடற்குறை நேர்ந்தவரை நீக்காமல், அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்பது 1995-இலிருந்தே சட்டம். தனியார் கம்பெனியிலும், பளு தூக்க முடியாவிட்டால், கணக்குப் பார்க்கும் வேலைக்கு மாற்றும்படி கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் நெருங்காதீர்கள். வயது சென்று வேலை தேடுகிறவரையும், அவர் கையிலுள்ள கிராஜுவிடிப் பணத்தையும் குறிவைத்தே சிலர் திரிகிறார்கள். பழக்கமில்லாத வியாபாரத்தில் அப்பணத்தைப் போடுவதும் அதே ஆபத்துதான்.

சர்க்காரிலும் சில வசதிகள் உண்டு. அறுபது கடந்தவர்கள் வேலை தேடப் பதிவு செய்துகொள்வதற்கென்று, சமூக நீதி அமைச்சகம் 2021 அக்டோபர் முதல் தேதி 'சேக்ரட்' என்னும் இணையத் தளம் ஒன்றைத் தொடங்கியது. முதியோர் ஆலோசனைக்கு 14567 என்ற தொலைபேசி எண் உண்டு. இவை மட்டும் வேலையைத் தந்துவிடா. ஆனால் பதிவு செய்வதில் நஷ்டமும் இல்லை.

வீட்டிலுள்ளோர்க்கு ஒரு வார்த்தை. வேலை இழந்து வீட்டில் இருப்பவர் காலையில் குளித்து, சலவைச் சட்டை அணிந்து எங்கோ புறப்பட்டால், "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்கும் தொனியில் எச்சரிக்கை வேண்டும். முன்பைவிடச் சிறிய வேலைக்குப் போக அவர் துணிந்தால், "நம் குடும்பத்தில் இப்படியா?" என்று தடுக்காதீர்கள். அதற்குத் துணிய அவர் எத்தனை இரவு தூங்காமல் யோசித்தாரோ!

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நூலகத்தில் ஒரு பதிவேடு வைப்போம். நாற்பத்தைந்து கடந்து வேலை தேடுகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையையும், எவ்வளவு தூரம் போய்வர முடியும் என்பதையும் அதில் எழுதட்டும். அடுக்களை வேலை, வீட்டு வேலை செய்யும் சகோதரிகளுக்கும் அதில் இடம் உண்டு. எழுதத் தெரியாதவர்க்கு நாம் எழுதிக் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் இளைஞர்கள் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டரும் ஹிந்தி எழுத்தும் சொல்லித்தரட்டும். சர்க்கார்க் கடிதம் எழுதும் முறையைப் பெரியவர்கள் அவர்களுக்குச் சொல்லித்தரட்டும். கடையோ கம்பெனியோ நடத்தும் அங்கத்தினர்கள், அடுத்த முறை ஆள் தேடும்போது விளம்பரத்திலிருந்து வயதை அடித்துவிட்டு, வந்தவரை ஒரு வாரம் வேலை செய்யச் சொல்லி, அதற்குக் கூலியும் கொடுத்துப் பார்க்கட்டும். பதிவேட்டைப் பராமரிக்க வாரத்தில் இரண்டு மாலைகள் ஒதுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். இன்னும் இருவர் சேர்ந்தால் வரும் திங்களிலேயே தொடங்கிவிடலாம். விருப்பமுள்ள அன்பர்கள் சங்க அலுவலகத்தில் பெயரைக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.